யூ இல்லாத க்யூ

அன்புள்ள ஆசிரியருக்கு,

கருவூல அலுவலகத்தில் 31 வருடம் வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றேன். மகள் புனேயில் இருக்கிறாள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நாங்கள் இரண்டு பேரும் போனில் ஸ்கிராபிள், இங்கிலீஷ் எழுத்து வில்லைகளைப் பலகையில் கோர்த்துச் சொல்லாக்கிப் புள்ளி வாங்குகிற விளையாட்டு, ஆடுவோம், அவள் சொல்லிக் கொடுத்ததுதான். போன வாரம் என்னிடம் ஒரு க்யூ வந்து மாட்டிக்கொண்டது. நாலைந்து முறை சுற்றி வந்தும் யூ வரவே இல்லை. கையில் இருக்கிற எழுத்துகளைப் போட்டால் அவற்றில் எழுதக்கூடிய இங்கிலீஷ் சொற்களையெல்லாம் கொட்டித் தருகிற இணையதளம் ஒன்று உண்டு, அதில் போட்டேன். க்யூ, ஏ, என், ஏ, டீ என்று ஒரு சொல் வந்தது. வைத்தேன். 14 புள்ளி. உடனே மகள் கூப்பிட்டு "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்றாள். முழித்தேன். "நீ ஆடலம்மா, உன் போன் ஆடுது" என்று சொல்லி நிறுத்திவிட்டாள். மூன்று நாளாக ஆட்டம் இல்லை.

நான் செய்தது ஏமாற்று வேலையா? சொல் தேட நல்ல செயலி எது? இதெல்லாம் ஆடினால் வயதான காலத்தில் மறதி வராது என்கிறார்களே, உண்மையா? தமிழில் இப்படி ஆட முடியுமா? நான் தமிழ் மீடியம், ஃபைல் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் கற்றுக்கொண்டவள். இந்த வயதில் எனக்கு இது தேவையா என்றும் தோன்றுகிறது.

வி.

அன்புள்ள வி.,

போன மாதம் ஊரில் ஒரு சாவு வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து இந்த க்யூ என்கிற எழுத்து என் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம். அதனால்தான் உடனே எழுதுகிறேன், இல்லையென்றால் மற்ற கடிதங்களோடு இதுவும் கிடந்திருக்கும்.

முதலில் சின்னக் கேள்விகளை முடித்துவிடலாம். மறதியைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள். தமிழில் ஆடுவதென்றால் 'கா' என்பது ஒரு வில்லையா, க ஒன்று துணைக்கால் ஒன்று என இரண்டா என்பதில் ஆரம்பித்து ஏகப்பட்ட வழக்கு இருக்கிறது, அது இன்னொரு நாளைக்கு. செயலியில் நல்லது கெட்டது என்று பெரிதாக ஒன்றும் இல்லை, எல்லாம் செய்வது ஏறக்குறைய ஒரே வேலைதான். அகராதியில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் எடுத்து அதன் எழுத்துகளை அகர வரிசையில் அடுக்கி வைத்துக்கொள்கிறது. எர்த் என்ற சொல்லை அடுக்கினால் ஏ, ஈ, எச், ஆர், டீ. ஹார்ட் என்ற சொல்லை அடுக்கினாலும் அதேதான். நீங்கள் போடும் எழுத்துகளையும் அதே மாதிரி அடுக்கிப் பார்த்து, எங்கே பொருந்துகிறதோ அதையெல்லாம் எடுத்துக் கொடுத்துவிடும். பூமிக்கும் இதயத்துக்கும் அதற்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

தமிழ் மீடியம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு மட்டும் கோபம் வந்தது. 31 வருடம் இங்கிலீஷில் வந்த அரசாணையைப் படித்து, குறிப்பு எழுதி, தப்பான பில்லை ஆட்சேபணை போட்டுத் திருப்பி அனுப்பியவர் நீங்கள். இன்னும் யாரிடம் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும்? இனிமேல் இந்த வரியை யாருக்கும் எழுதாதீர்கள்.

ஏமாற்றா இல்லையா என்பதை உங்கள் மகள்தான் சொல்ல வேண்டும், அவள் சொல்லியும் விட்டாள். நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, பார்த்து ஆடலாம் என்று முடிவு பண்ணினால் சரி, பண்ணாமல் பார்த்தால் தப்பு. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. எனக்கு வருத்தம் வேறு இடத்தில். பில் ஒன்று உங்கள் மேஜைக்கு வருகிறது, எந்த அலுவலகத்திலிருந்து வந்தது, எந்தக் கணக்குத் தலைப்பு, யார் கையெழுத்து என்று பார்க்காமல் ஒருநாளாவது பாஸ் பண்ணியிருக்கிறீர்களா? அப்புறம் இந்தச் சொல்லை மட்டும் எப்படிப் பாஸ் பண்ணினீர்கள்? யாரென்றே தெரியாத ஒன்றைப் பலகையில் உட்கார வைத்து 14 புள்ளி வாங்கிக்கொண்டு, மகள் கேட்டபோதுகூட "இரு, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லாமல் முழித்திருக்கிறீர்கள். மூன்று நாள் வருத்தப்பட நேரம் இருந்தது, அகராதியைத் திறக்க நேரம் இல்லையா?

திட்டிவிட்டேன். இப்போது அந்தச் சாவு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

1984ல் நான் பிளஸ் டூ முடித்துவிட்டு எங்கள் ஊர் அச்சாபீஸ் ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்தேன். திருநெல்வேலிப் பக்கம் சின்ன ஊர். ஒரு டிரெடில் அச்சு மிஷின், ஈய எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைக்கிற கேஸ்களுக்கு நாலு ஸ்டாண்டு, கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும்தான் வேலை. அங்கே கம்போஸிங், அதாவது அந்த எழுத்துகளை வரி வரியாகக் கோர்க்கிற வேலை, பார்த்தவரை நாங்கள் அண்ணாச்சி என்போம். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் இங்கிலீஷ் மேட்டர் வந்தால் அவர்தான் கோர்ப்பார். இது அன்றைக்கு அதிசயமில்லை, பல அச்சாபீஸ்களில் அப்படித்தான். இடது கையில் எழுத்தை அடுக்குகிற ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, கண் காகிதத்தில் இருக்க, வலது கை அறை அறையாகப் போய் ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வரும். ஈயத்தில் எழுத்து தலைகீழாக, கண்ணாடியில் தெரிவது மாதிரி இருக்கும், அதையும் விரலால் தடவியே சொல்லிவிடுவார்.

இங்கிலீஷ் கேஸை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு அறை கிடையாது. ஈ எழுத்துக்குத்தான் பெரிய அறை, கை சுலபமாகப் போகிற இடத்தில். ஏ, என், ஓ, டீ எல்லாம் அதைச் சுற்றி. க்யூ, எக்ஸ், இசட் மூன்றும் ஓரத்தில் தீப்பெட்டி அளவு அறைகளில் கிடக்கும். அந்தக் கேஸைப் பார்த்தாலே இங்கிலீஷில் எந்த எழுத்து எவ்வளவு புழங்குகிறது என்பது தெரிந்துவிடும். மோர்ஸின் கூட்டாளி ஆல்ஃபிரட் வெய்ல் தந்திக் குறியீடு தயாரித்தபோது ஓர் அச்சாபீஸுக்குப் போய் இந்த அறைகளில் எத்தனை எழுத்து இருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததாகச் சொல்வார்கள், ஈ எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி கிடைத்தது அப்படித்தான். அதற்கு நூறு வருடம் கழித்து, 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலை போன நியூயார்க் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ் செய்தித்தாள்களை வைத்துக்கொண்டு எழுத்துகளை எண்ணினார். அவர் எண்ணியதுதான் இப்போது உங்கள் போனில் இருக்கிறது. மொத்தம் 100 வில்லை, அதில் ஈ 12, க்யூ ஒன்றே ஒன்று, அதற்கு 10 புள்ளி. எஸ் நாலுதான், ஏனென்றால் எந்தச் சொல்லோடும் எஸ் ஒட்டிப் பன்மை ஆக்கிவிடலாம், ஆட்டம் ரொம்பச் சுலபமாகிவிடும் என்று யோசித்திருக்கிறார்.

சரி, அண்ணாச்சிக்கு வருகிறேன். அவருக்கு எந்தச் சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது, ஆனால் எந்த எழுத்துக்குப் பின்னால் எது வரும் என்பது கைக்குத் தெரியும். டீக்குப் பின்னால் எச் வரும், கடைசியில் ஐ, என், ஜி கூட்டமாக வரும். க்யூ எடுத்தால் அடுத்தது யூ, அதில் யோசனையே கிடையாது. காகிதத்தில் தப்பாக எழுதிக் கொடுத்திருந்தாலும் கையை நிறுத்தி, "தம்பி, இங்க என்னமோ சரியில்ல, பாரு" என்பார். பார்த்தால் அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

வளைகுடாவுக்கு ஊர் ஊராக ஆள் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஆள் அனுப்புகிற ஒருவர் இங்கிலீஷில் நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தார். சவூதி, துபாய், கத்தார், கொத்தனார் தேவை, எலக்ட்ரீசியன் தேவை. அண்ணாச்சி கோர்த்தார். கத்தாருக்கு மேல் கேஸிலிருந்து பெரிய க்யூவை எடுத்த கை, பழக்கத்தில் யூ அறைக்குப் போய் ஒரு யூவையும் எடுத்து வைத்துவிட்டது. புரூஃப் பார்த்தது நான். காகிதத்தையும் புரூஃபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்த்தேன். காகிதத்தில் யூ இல்லை என்பது என் கண்ணில் பட்டது, நன்றாக நினைவிருக்கிறது. க்யூவுக்குப் பின்னால் யூ வந்தே ஆக வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எழுதிக் கொடுத்தவர்தான் விட்டுவிட்டார், அண்ணாச்சி சரி பண்ணிவிட்டார் என்று நினைத்து ஓகே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆயிரம் நோட்டீஸ் ஓடியாயிற்று. வந்தவர் முதல் தாளைப் பார்த்ததும் கத்த ஆரம்பித்தார். பணம் தர மாட்டேன் என்று போய்விட்டார். முதலாளி அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டார். படிக்காதவனை வைத்தால் இப்படித்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அண்ணாச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. என் கையெழுத்து போட்ட புரூஃப் கல்லுக்கு மேலேயே கிடந்தது, நான் அதை எடுத்துக் காட்டவில்லை. பதினேழு வயது, பயம் என்று சொல்லலாம், ஆனால் பயம் மட்டும் காரணமில்லை. பிளஸ் டூ படித்த நான் விட்டேன் என்பதைவிட ஐந்தாவது படித்தவர் விட்டார் என்பது அங்கே எல்லாருக்கும் சுலபமாக இருந்தது, எனக்கும் அது வசதியாக இருந்தது.

சாயங்காலம் ஃபாரத்தை, அச்சுக்குக் கட்டி வைத்த எழுத்துக் கோர்வையை, பிரித்து எழுத்துகளை அறை அறையாகத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்று போட்டேன். அந்த வரி வந்ததும் யூவை மட்டும் தனியாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "யூ வேண்டாமுன்னா, இது எந்த ஊர்ச் சொல்லு தம்பி?"

கத்தார் ஊர்ப் பெயர்தான் அண்ணாச்சி என்றேன். "அது தெரியும்லா. சொல்லு எந்த ஊர் சொல்லு?" என்றார். எனக்குத் தெரியவில்லை.

அவர்தான் போன மாதம் தவறிப்போனார். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்து எனக்குப் பல வருடம் ஆகிறது, ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்த்துப் பேசியும் இருக்கிறேன், ஒருமுறைகூட அதை எடுத்ததில்லை. எடுத்தால் புரூஃபைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன், கேளுங்கள்.

பழைய இங்கிலீஷில் க்யூவே கிடையாது என்று சொல்லிவிடலாம். க்வீன் என்பதை சி, டபிள்யூ, ஈ, என் என்றுதான் எழுதினார்கள். க்விக்கும் சி, டபிள்யூவில்தான் ஆரம்பித்தது. 1066ல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு முறையில் எழுதப் பழகியவர்கள் ஏடெழுத வந்தார்கள், அவர்கள் கையோடு கொண்டு வந்ததுதான் இந்த க்யூ-யூ ஜோடி. பிரெஞ்சுக்கு அது லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனுக்கு முன்னால் போனால் கிரேக்கம், அதற்கும் முன்னால் ஃபினீசியர்களின் கோஃப் என்ற எழுத்து. அந்த கோஃபுக்கு யூ துணை தேவையே இல்லை, அது தொண்டையின் அடியில் பிறக்கும் ஒரு க. அதே கோஃபிலிருந்து இன்னொரு கிளையாக வந்ததுதான் அரபியின் காஃப். அரபிச் சொற்களை இங்கிலீஷில் எழுதும்போது அந்த காஃப் வருகிற இடத்தில் க்யூ போட்டார்கள், யூ இல்லாமல். அதாவது நீங்கள் கையில் வைத்துக்கொண்டு தவித்தீர்களே, அந்தத் தனி க்யூதான் தன் பிறந்த வீட்டுக்கு மிகப் பக்கத்தில் நிற்கிறது.

அப்படி யூ இல்லாமல் வரும் சொற்களைப் பாருங்கள். புர்கா, நிகாப், தலாக், ஃபக்கீர், கவ்வாலி, நம் ஊரில் காஜி என்கிறோமே அது. ஒன்றாவது உங்களுக்குத் தெரியாததா? நீங்கள் இருக்கிற தெருவிலேயே புழங்குகிற சொற்கள். இங்கிலீஷ்காரப் பெண்மணி ஒருவருக்கு க்யூ மாட்டிக்கொண்டால் அவர் தவிக்கலாம், நீங்கள் ஏன் தவிக்க வேண்டும்? ஏமன் நாட்டில் மெல்லுகிற இலை காத், அதற்கு மூன்றே எழுத்து, அதுவும் உங்கள் கையிலேயே இருந்தது. இரண்டெழுத்தில் ஒன்று உண்டு, க்யூ, ஐ. அது மட்டும் சீனம், மூச்சு, உயிர்ச்சக்தி என்று அர்த்தம், 'ச்சீ' என்று சொல்ல வேண்டும். அங்கே இந்த க்யூவுக்குச் சத்தமே வேறு.

இப்போது உங்கள் சொல். கனாத். பாரசீகத்தின் மழையில்லாத சமவெளிகளில் மலையடிவாரத்தில் ஆழமாக ஒரு கிணறு தோண்டி நிலத்தடி நீரைக் கண்டுபிடிப்பார்கள். அங்கிருந்து ஊரை நோக்கிப் பூமிக்குள்ளேயே ஒரு குகை வெட்டுவார்கள், லேசான சரிவில், தண்ணீர் தானாக நடந்து வருகிற அளவுக்கு மட்டும். சரிவு கூடினால் தண்ணீர் மண்ணை அரித்துவிடும், குறைந்தால் தேங்கிவிடும். வழிநெடுக மண்ணை வெளியே எடுக்கவும் காற்று போகவும் கிணறு கிணறாகத் துளைகள். மேலே இருந்து பார்த்தால் பாலைவனத்தில் வரிசையாக எறும்புப் புற்று மாதிரி தெரியும். மோட்டார் இல்லை, ஏற்றம் இல்லை, வெயிலில் ஆவியாவதும் இல்லை. ஈரானில் கோனாபாத் கனாத் முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகிறது, இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழையது, இன்னும் தண்ணீர் வருகிறது. 2016ல் யுனெஸ்கோ இப்படி 11 கனாத்துகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நமக்குப் பக்கத்தில் காசர்கோட்டில் மலையின் வயிற்றைக் குடைந்து தண்ணீர் எடுக்கிற சுரங்கங்கள் இருக்கின்றன, அந்த யோசனையின் சொந்தம் மாதிரி.

அந்தச் சொல்லின் வேர் இன்னும் அழகு. அரபியில் அதன் அடி நாணல், மூங்கில் மாதிரி உள்ளே கூடாக இருக்கிற தண்டு. அதே வேர் மிகப் பழைய காலத்தில் கிரேக்கத்துக்குப் போய், லத்தீனில் கன்னா ஆகி, இங்கிலீஷுக்குள் கேன் என்ற பிரம்பாகவும் கெனால் என்ற கால்வாயாகவும் சேனலாகவும் வந்திருக்கிறது. உங்கள் வீட்டு வாசலில் கல்வாழை இருந்தால் அதன் தாவரவியல் பெயரும் அந்தக் கன்னாதான். கெனாலும் கனாத்தும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், ஒன்று ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு சி போட்டு வந்தது, இன்னொன்று நேர்வழியில் க்யூவோடு வந்தது. அந்த இணையதளம் உங்களுக்கு இதைக் கொடுத்தபோது, அதற்கு மேலும் கீழும் இருந்த நாற்பது சொற்களோடு ஒரே அளவில், ஒரே நிறத்தில்தான் கொடுத்திருக்கும். அதைக் குற்றம் சொல்ல முடியாது, அது அடுக்கிப் பார்க்கிற கருவி. எந்த ஊர்ச் சொல் என்று கேட்க வேண்டியது நீங்கள்.

அர்த்தம் தெரியாமலே ஆடுகிறவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015ல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் போட்டியில் ஜெயித்தார், பிரெஞ்சு பேசத் தெரியாது, ஒன்பது வாரத்தில் அந்த அகராதியைப் படித்து மனதில் ஏற்றிக்கொண்டவர். அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்கு அண்ணாச்சிதான் ஞாபகம் வந்தார். அது ஒரு பெரிய திறமை, அந்த உழைப்பைக் கும்பிட வேண்டும். ஆனால் நீங்கள் போட்டிக்குப் போகவில்லை, மகளோடு பேசுவதற்கு ஒரு சாக்காகத்தான் அதை ஆடுகிறீர்கள். அவளும் அர்த்தம் என்ன என்று கேட்டது உங்களைச் சோதிக்க அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருப்பாள்.

இன்னொன்று. எழுத்து கையில் வந்ததும் வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள், போனில் கலைத்துப் போடுகிற பொத்தான் இருக்கும், அதை அழுத்திக்கொண்டே இருங்கள். கடைசியில் வருகிற கூட்டங்களை, ஐ என் ஜி, ஈ ஆர் போன்றவற்றை, முதலில் வலது பக்கம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். அண்ணாச்சி கை அப்படித்தான் வேலை செய்தது.

இன்று ராத்திரி ஒன்பது மணிக்கு நீங்களே கூப்பிடுங்கள். அந்த 14 புள்ளியைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம் கனாத் என்றால் என்னவென்று, அந்தக் கிணறுகளையும் சரிவையும் சேர்த்து, நிதானமாகச் சொல்லுங்கள். கேட்டு முடித்துவிட்டு அவளாகப் புள்ளியைத் திருப்பித் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.